கட்டுப்பாட்டுக் குழு

வியாழக்கிழமைகளில் என் சைக்கிளில்
ஒரு தராசு, நீளம் அளக்கும் பலகை,
மழைக்குப் பயந்து பாலித்தீன் சுற்றிய படிவக் கட்டு.
மங்கோச்சிச் சாலை ஏரிப் பக்கம் சரிகிற இடத்தில்
இருபத்தொரு வீடுகள் என் பொறுப்பு.

ஆறு மாதம் நிரம்பிய பிள்ளைகளைச்
சீட்டெடுத்து இரண்டாய்ப் பிரித்திருந்தார்கள்.
ஒரு பாதிக்கு
நிலக்கடலை விழுதும் எண்ணெயும் பால்பொடியும் குழைத்த
சிறு பொட்டலம், நாளுக்கு ஒன்று.
மறு பாதிக்கு
துணிச்சோப்பு, மாதம் ஒரு கட்டி.
ஆய்வு முடிந்ததும் பொட்டலம் தருவோம் என்று
நானே சொல்லியிருக்கிறேன்.

அசியாத்துவின் மகளுக்குப் பொட்டலம் விழுந்தது.
தலாந்திரா. பெயருக்கே 'பெற்றுக்கொண்டோம்' என்று பொருள்.
வேலிக்கு இப்புறம்
லிக்னெட்டின் மகன் லிம்பானிக்குச் சோப்பு.

வேலி என்றேனே,
நாலு நாணல் தட்டை.
கோழிகள்கூட மதிப்பதில்லை.

பயிற்சியில் சொன்னார்கள்:
தாய்ப்பாலின் சக்தியில் ஏறக்குறையப் பாதி, கொழுப்பு.
மூளையில் இழை இழையாய் உறை சுற்றுவதும் அதுதான்.
உறையில்லாத கம்பியில் செய்தி மெல்ல ஊரும்.
முதல் இரண்டு வருடம் அந்த வேலை மும்முரம்,
அப்புறமும் நடக்கும், இவ்வளவு அவசரமில்லை.
எழுதிக்கொண்டே என் உச்சந்தலையைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
நானும் சோளக்கஞ்சிப் பிள்ளைதான்.

அந்தக் கஞ்சியை நீங்கள் பார்க்க வேண்டும்.
ஜனவரி, குதிரின் அடி தெரிகிற மாதம்.
ஒரு கைப்பிடி மாவு, ஒரு பானைத் தண்ணீர்.
கரண்டியைத் தூக்கினால்
நூலளவுகூட நிற்காது.
வயிறு முட்டும், ஏப்பம் வரும், பிள்ளை தூங்கும்.
எழுப்பித் தராசில் வைத்தால்
போன வாரத்து எடை.

லிக்னெட் ஒருமுறை
விதைக்கு வைத்த கடலையில் ஒரு பிடி இடித்துக் கலந்தாள்.
"உனக்கு அவ்வளவு கொழுப்பா?" என்றானாம் அண்ணன்.
"எனக்கில்லை, இவனுக்குத்தான் வேணும்"
என்றாளாம்.

நான்காம் மாதத்தில்
லிம்பானியின் கோடு மேலே திரும்பியது.
சோப்பு தின்று யாரும் இப்படி வளர்வதில்லை.
தலாந்திராவின் கோடும் ஏறியது,
நிபுணர்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் போனேன்.
அசியாத்து தட்டில் விழுதைப் பிதுக்கி
நடுவில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.
நாணலைப் பிடித்தபடி லிம்பானி.
வாயோரம் மினுமினுப்பு.
ஏரியில் மீன்கழுகு கத்தியது.
சட்டெனத் திரும்பி, விரல் நீட்டி,
எனக்கு அதைக் காட்டினான்.

அவள் மறைக்கவில்லை.
"பார்த்துக்கிட்டே நிக்கிற கண்ணுக்கு எதிரே
எப்படி ஊட்டுறது?
நீ ஊட்டிக் காட்டு."

கேள்வி பதினேழு:
பொட்டலத்தை வேறு எவரேனும் உண்டார்களா?
ஆம் என்றால்
இரண்டு பிள்ளைகளின் கணக்கும் கெடும்,
ஒருவேளை பொட்டலமே நிற்கும்.
இல்லை என்றால்
இந்த விழுதால் பெரிய பயனில்லை என்று
தலைநகரில் ஒரு நல்ல மனிதர் நம்பிவிடுவார்,
நான் பார்க்காத ஏரிக்கரைகளில்
தண்ணீர்க்கஞ்சி தொடரும்.
பாதிதான் தின்றாள், அதனால்தான் பாதி வளர்ந்தாள்
என்று எழுத
அங்கே கட்டம் இல்லை.

பேனாவோடு நான் உட்கார்ந்திருக்க
லிம்பானி தவழ்ந்து வந்து
படிவத்தில் கையை ஊன்றி எழுந்தான்.
ஐந்து விரலும் பதிந்தது, பதினேழின் மேல்.

பள்ளியில் செய்த சோதனை நினைவுக்கு வந்தது:
தின்பண்டத்தைக் காகிதத்தில் தேய்,
வெளிச்சத்தில் பிடி,
ஒளி கசிந்தால் கொழுப்பு உண்டு.

பிடித்தேன்.
அந்தச் சின்னக் கையின் வழியே
அடியிலிருந்த அடுத்த வீட்டுப் படிவம்,
என் கையெழுத்து,
மங்கலாய்த் தெரிந்தது.