ஒன்றரைக் கொப்பி

கை எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.
ஒன்றரைக் கொப்பி என்றான் கபிஷன்.
நெஞ்சு?
சுத்திவர மூண்டு, கொஞ்சம் குறைய.
எந்தக் கொப்பி மனே, சின்னதா, சீஆர் கொப்பியா
என்று கேட்குமுன்
நானுஓயாவில் சிக்னல் போய்விட்டது.

சீஆர் என்றால் அவன் பன்னிரண்டு வயதுக்காரன்.
அவனுக்கு ஏழு.
நடுவில் ஒரு அளவை நானே எடுத்துக்கொண்டேன்.

வாழைச்சேனையில் கச்சான் காற்று.
மத்தியானத்தில் தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது.
மடியில் கம்பளி,
அதற்குக் கீழே தொடையெல்லாம் வேர்க்குரு.
"ஆருக்குக்கா இது, உனக்கென்ன விசரா?"
என்று பக்கத்து வீட்டுப் பரிமளா கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனாள்.

நூல் புதிதல்ல.
அவர் விட்டுப்போன ஸ்வெட்டர்.
கழுத்தில் முனையைக் கண்டுபிடித்து இழுத்தேன்,
இரண்டு இரவில்
ஒரு முழு ஆள் தரைக்கு வந்தார்.
நூல் நேராகமாட்டேன் என்றது,
பழைய கண்களின் வளைவு
இழைக்கு இழை சுருண்டு நின்றது.
நனைத்து, நுனியில் உப்புப் போத்தல் கட்டி
கொடியில் மூன்று நாள் தொங்கவிட்டேன்.
போனது. கொஞ்சம் போகவில்லை.

நீதிமன்றம் லீவு நாட்களை எனக்கு எழுதியது.
பள்ளிக்கூடத்தையும் பனியையும் அவருக்கு.

முறுக்குப் பின்னலுக்கு வேண்டிய குட்டை ஊசி
மட்டக்களப்பு டவுனில் நாலு கடையிலும் இல்லை.
சைக்கிள் கடைத் தவநேசன்
சில்லுக்கம்பி ஒன்றை வெட்டி, நடுவை வளைத்து,
முனையை அரத்தால் தேய்த்துத் தந்தான்.
மூன்று கண்ணை அதில் ஏற்றி
முன்னால் தொங்கவிட வேண்டும்.
அடுத்த மூன்றைப் பின்ன வேண்டும்.
பிறகுதான் தொங்குகிற மூன்றுக்கு முறை.
ஆறு வரிசைக்கு ஒருதரம் இப்படி.
யார் மேலே, யார் கீழே என்பதெல்லாம்
கம்பியை எந்தப் பக்கம் பிடித்தாய்
என்பதில்தான் இருக்கிறது.
நாற்பத்திரண்டாம் வரிசையில் போன் அடித்தது,
மாற்றிப் பிடித்துவிட்டேன்.
இடது தோளுக்குக் கீழே ஒரு முறுக்கு மட்டும்
எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.
அவிழ்க்கவில்லை.
அவிழ்த்தது போதும்.

முடிந்த அன்று ஒரு சந்தேகம் வந்தது.
இது குளிரைத் தாங்குமா என்று
இந்த ஊரில் எங்கே போய்ப் பார்ப்பது?
நான் ஐஸ் பெக்டரியில் கணக்கெழுதுகிறவள்.
றவூப் காக்காவிடம் ரெண்டு துண்டு கேட்டேன், ஒரே அளவில்.
வாளால் அறுத்துத் தந்தார்.
இரண்டையும் சொப்பிங் பேக்கில் கட்டி
ஒன்றைச் சீமெந்துத் தரையில் வைத்தேன்,
மற்றதை ஸ்வெட்டரின் வயிற்றுக்குள்.
"கம்பளிச் சூட்டுக்கு அதுதான் முதல்ல உருகும் மகள்"
என்று காக்கா சிரித்தார்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு
தரையில் கிடந்தது சவர்க்காரக் கட்டி அளவு.
ஸ்வெட்டருக்குள் இருந்தது
கிட்டத்தட்ட வைத்தபடியே.

போட் ஒன்றுக்கு இருபது பார் எழுத வேண்டிய இடத்தில்
இரண்டு என்று எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இது ஒன்றையும் சுட வைப்பதில்லை.
உள்ளே வைத்தது எதுவோ
அதைப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும்,
அவ்வளவுதான் இதற்குத் தெரியும்.
அப்படியென்றால் சூடு
அங்கே, அந்த லைட் மங்கிய குசினியில்,
விடிய ஐந்தரைக்கு
அவர் எழும்பி மூட்டினால்தான்.

பார்சலுக்குள் ஒரு துண்டு வைத்தேன்.
நாலு வருடத்தில் அவருக்கு நான் எழுதியது
சட்டத்தரணி வழியாக வராத முதல் எழுத்து:

போட முதல் சுடச்சுடத் தேத்தண்ணி குடுங்க.
கை நீளமெண்டா மடிச்சு விடுங்க.
எந்தக் கொப்பியெண்டு அவன் சொல்லல்ல.