எத்தனை நாற்காலிகள்

திங்கள் காலை லொரெட்டா க்வாமி
வாரத்தின் தாளை ஒட்டுகிறாள்
நூலகக் கதவருகே, நாலு மூலைக்கும் நாலு நிறக் குண்டூசி.
உரைகள், கலைத் திறப்பு, பயிற்சி, இலவச காபி.
எனக்கென்று தனியாக ஒரு பிரதி உண்டு.
அதில் தலைப்பு இல்லை, பேச்சாளர் பெயரில்லை.
அறை எண், நேரம்,
பிறகு காலியாக ஒரு கட்டம்:
நாற்காலிகள்.

"ஆர்விட், நீயே போட்டுக்கொள்" என்பாள்.
பதினோரு வருடமாக
இந்த ஊரின் ஆர்வத்தை
எண்ணால் எழுதிவருகிறேன்.
பெரும்பாலும் தப்பாக.

செவ்வாய், நான்கு மணி, அறை நூற்றுப் பன்னிரண்டு.
லாம்ப்ரே மீனைப் பற்றி கோரா யாலப்.
தாடையே இல்லாத மீனாம்.
அருவி குறுக்கிட்டால்
வாயால் பாறையைக் கவ்வி, கொஞ்சம் ஓய்ந்து,
விட்டு, தாவி, மறுபடி கவ்வி
ஏறிவிடுமாம்.
இருபது போட்டிருந்தேன்.
ஒரிகான் கடற்கரையின் மழை, பக்கவாட்டில் பெய்கிற ஜாதி.
வந்தவர்கள் ஏழு பேர்.
அதில் இருவர் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள்.

விளக்கை அணைத்துப் படம் காட்டத் தொடங்கியதும்
பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக
மடக்கினேன், சத்தமில்லாமல்,
தூங்கும் குழந்தையின் செருப்பைக் கழற்றுவதுபோல.
பதின்மூன்று.
விளக்கு எரிந்தபோது
கோரா நிமிர்ந்து பார்த்தாள்.
அறை நிறைந்திருந்தது.

புதன்கிழமை வருமான வரிப் படிவ உதவி.
முப்பது போட்டேன், எழுபது பேர்.
காலணிப் பெட்டிகளில் ரசீதுகளோடு
சுவரோரம் நின்றார்கள்.
யாரும் முகம் சுளிக்கவில்லை.
வரிசையில் நிற்பது
இங்கே பலருக்குப் பட்டம் வாங்கிய பாடம்.

வியாழன் கலைத் திறப்பு.
கட்டத்தில் லொரெட்டாவே எழுதியிருந்தாள்: பூஜ்யம்.
ஓவிய ஆசிரியர் ப்ரெஸ்காட்டின் கட்டளை.
உட்கார்ந்தால் நகரமாட்டார்கள்,
நகராவிட்டால் பார்க்கமாட்டார்கள்.
சரிதான்.
பாலாடைக்கட்டித் துண்டுகளில் பல்குச்சி செருகினேன்,
திராட்சைச் சாற்றை ஒயின் கோப்பையில் ஊற்றினேன்.
நடுக்கூடத்தில், வெல்டிங் படிக்கும் மரிசெலா ஒகாம்போ செய்தது:
நண்டுக்கூண்டுகளின் துருவளையங்கள்
ஒன்றன்மேல் ஒன்றாய், முழங்கால் உயரத்துக்கு.
பெயரிடாதது, எண் மூன்று.
ஒரு பல் மருத்துவர் அதை இருமுறை சுற்றிவந்து
"சமுத்திரத்தின் தனிமை" என்றார்.
அவர் மனைவி பாலாடைக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மணிக்கு அப்பா வந்தார்.
நண்டு வேகவைக்கும் ஆலையிலிருந்து நேராக,
ரப்பர் பூட்ஸ், கையில் இன்னும் ஆவியின் சிவப்பு.
பத்து மணி நேரம் நின்ற கால்கள்
கூடத்தைச் சுற்றித் தேடின.
எனக்குத் தெரியும் அந்தத் தேடல்.
தெரிந்தும் அசையவில்லை நான்,
பூஜ்யம் என்றால் பூஜ்யம்.

அவர் எண் மூன்றில் உட்கார்ந்தார்.

ப்ரெஸ்காட்டின் வாய் திறந்தது.
மரிசெலா அவர் சட்டைக்கையைத் தொட்டாள், அவ்வளவுதான்.
இரும்பு முனகியது, தாங்கியது.
அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஒட்டவைத்த இடத்தில் விரலை ஓட்டி
மகளிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார்.
அவள் இல்லை என்று தலையாட்டினாள்.
அவர் மறுபடி கேட்டார்.
அவள் சிரித்துவிட்டாள்.
இன்றுவரை தெரியாது என்ன கேட்டார் என்று.
அதன்பிறகு யாரும்
சமுத்திரம் என்று சொல்லவில்லை.

போகும்முன் என் தாளில்
பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினேன்.
லொரெட்டா கணக்கு கேட்டால்
கேட்கட்டும்.

சனிக்கிழமை சுனாமிப் பயிற்சி.
கட்டத்தில் கோடு.
சங்கு ஊதியதும் எல்லோரும்
வாகன நிறுத்தத்துக்குப் பின்னாலுள்ள குன்றில் ஏறினோம்.
லாம்ப்ரேகூட எங்களைவிட வேகம்.
உச்சியில் ஈரப்புல், காற்று,
கீழே ஒன்றும் அறியாத சாம்பல் கடல்.
இருநூறு பேர் மூச்சு வாங்கியபடி நின்று
மெதுவாகத் திரும்பி
என்னைப் பார்த்தார்கள்.