இரண்டு தூண்களுக்குத்தான் கல்

டியூபுக்கில் பிப்ரவரி.
மிசிசிப்பி உறைந்து, லாரி ஓட்டலாம் போலக் கிடக்கிறது.
கல்லூரியின் பழைய உடற்பயிற்சிக் கூடத்தில்
ஞாயிறு இரவு ஒன்பது மணித் திருப்பலி.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே பீடம்.
அளவுநாடாவோடு கடைசி வரிசையில் நான்.

வரைபடத்தில் எட்டுத் தூண்கள்.
இடுப்பில் இம்மியளவு பருத்து மேலே மெலிபவை.
சுமக்கிறேன் என்று கண்ணிடம் சொல்வதற்கென்றே
இரண்டாயிரம் வருடமாய் வரைந்துவரும் வளைவு.
நானும் வரைந்தேன், மூன்று இரவு,
ஒரு நூல் கூட்டி, அரை நூல் குறைத்து.
சுமப்பதென்னவோ உள்ளே நிற்கும் இரும்பு.
வெளியே சாந்து.

மாதிரித் தூணை இறக்கிய அன்று
அருட்தந்தை ஷில்ட்ஸ் விரல்முட்டியால் தட்டினார்.
டொக்.
தர்பூசணி வாங்குபவர் போல இன்னொரு முறை.
"கேட்குது" என்றார். அவ்வளவுதான்.

பட்ஜெட்டைக் காட்டினேன்.
பன்றித் தீவன ஆலையை விற்று
திருமதி ஆர்லீன் கீஃபர் தந்த பணம்.
கால்வாசியைக் கூரைச் செம்பு தின்றாயிற்று.
நற்கருணைப் பேழைக்கு நேர் மேலே
'வெளியேறும் வழி' என்று சிவப்பாய் ஒளிர வேண்டுமாம் ஒரு பலகை;
அதை நகர்த்தவே தீயணைப்புத் துறைக்கு ஆறு கடிதம்.

பாவசங்கீர்த்தன அறைக்கு ஒலி கசியாத சுவர் கேட்டிருந்தார்கள்.
கனத்தைக் கணக்கிடும்போது தோன்றியது:
இதில் முதலில் மண்டியிட வேண்டியவள் நானோ?
கடைசியாய்ச் செய்தது கட்டடவியல் முதலாண்டில்.
என்னவென்று தொடங்குவது?
எட்டுப் பொய், சுவாமி.
ஒவ்வொன்றும் பதினெட்டு அடி.

செம்பைக் குறைத்தேன். தரையின் சலவைக்கல்லை அடித்தேன்.
இரண்டு தூண்களுக்கு முழுக் கல் தேறியது.

வாசலில் வையுங்கள், படத்தில் விழும் என்றது குழு.
பீடத்துக்கு இருபுறமும் என்றார் திருமதி கீஃபர்.
நான் இன்னும் மூன்று ஞாயிறு அந்தக் கூடத்துக்குப் போனேன்.

பிந்தி வருபவர்கள் உட்காருவதில்லை.
கோட்டைக் கழற்றாமல், பையை இறக்காமல்,
ஈர பூட்ஸோடு பின்சுவரில் சாய்கிறார்கள்,
ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்ளாதிருக்க மாட்டிய நீல மெத்தையில்.
செவிலியர் உடுப்பில் ஒரு பெண்
மறையுரை முழுக்கக் கண்மூடி, பின்மண்டையும் அதில்.
ஒருவன் நன்மை வாங்க வரிசைக்குப் போகவில்லை.
வெளியேயும் போகவில்லை.

கடைசி இருக்கைக்குப் பின்னால் வைத்தேன் இரண்டையும்.
பாடகர் மாடத்தின் எடையை
நேராக அவற்றின் தலையில் இறக்கினேன்.
இரும்பில்லை.
மற்ற ஆறும் பழையபடி.

ஏன் பின்னால் என்று கேட்டார்கள்.
"பாரம் அங்கேதான் வருது" என்றேன்.
பொறியாளர் காகிதத்தைப் பார்த்து ஆமாம் என்றார்.

கல்தச்சருக்குப் போகும் தாளின் ஓரத்தில்
ஒரு குறிப்பு சேர்த்தேன்:
தரையிலிருந்து ஆறடி வரை பள்ளக்கோடு வேண்டாம்,
வழவழப்பாக விடவும்.
கோட்டு மாட்டும்.