பத்தி ஏழு

பயன்பாட்டுச் சான்றிதழ், மூன்று பிரதி.
நீல மை கூடாதாம்.
அலமேலு மகனின் கணக்குப் பெட்டியிலிருந்து
கறுப்புப் பேனா எடுத்து வந்திருக்கிறேன்.
அவன் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும்.

மானியம்: இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
சாலைப் பாதுகாப்பு நிதி, இரண்டு தவணை.
இரண்டாவது வர வேண்டுமானால்
முதலாவது என்ன ஆனதென்று
இந்தத் தாளுக்குச் சொல்லியாக வேண்டும்.

ஒளிரும் சட்டை ஆறு. ரசீது உண்டு.
ஊதும் கருவி ஒன்று. ரசீது உண்டு.
தேநீர், சர்க்கரை, அடுப்பு:
பால்காரர் எல்லப்பன்
சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தந்ததை
ரசீதாக ஏற்பார்களா தெரியவில்லை.

கயிற்றுக் கட்டில் நான்கு.
இதைத்தான் சிவப்பில் சுழித்திருக்கிறார்கள்:
சாலைப் பாதுகாப்புக்குக் கட்டில் எதற்கு?

எதற்கென்றால், ஐயா,
குடித்தவன் கையிலிருந்து சாவியை வாங்கியபின்
அவனை எங்கே வைப்பது?
தொப்பூர் இறக்கத்துக்கு நீங்கள் பகலில் வந்தீர்கள்,
ஜீப்பில், கண்ணாடி ஏற்றி.
இரவு ஒரு மணிக்கு
பிரேக் கருகும் வாடை அடிக்கும்போது வாருங்கள்.
அனுமார் கோயில் வளைவுக்கு முன்னால்
எங்கள் தார்ப்பாய்க் கொட்டகை.
சுய உதவிக் குழுப் பெண்கள் ஆறு பேர்,
முறை வைத்து இரண்டிரண்டு பேர், கூடவே ஒரு காவலர்,
அவர் வந்தால்.

திட்டினவர்கள் உண்டு.
"உன் வீட்டுக்காரனை முதல்ல ஊதச் சொல்லு."
சொன்னேன். ஊதினார். அவருக்கும் ஒரு கட்டில் போனது.
பாலக்கோட்டுத் தக்காளி ஏற்றி வந்த பையன்
சாவியைக் கொடுத்துவிட்டு விடியவிடிய அழுதான்.
"பெட்டி அம்பது இருக்குக்கா, அழுகினா யார் தருவா?"
அந்தக் கேள்விக்கு
மானியத்தில் தலைப்பு இல்லை.

மதியம் கடை திறக்கும் துறையும்
நள்ளிரவுத் தேநீருக்குக் கணக்குக் கேட்கும் துறையும்
தர்மபுரியில் ஒரே வளாகம்தான்.
ஒரே தண்ணீர்த் தொட்டி.
மாடிப்படி மட்டும் வேறு.
நான் இரண்டிலும் ஏறியிருக்கிறேன்.
ஒன்றில் கைப்பிடி ஆடும்.

பத்தி ஏழு:
தவிர்க்கப்பட்ட விபத்துகள், எண்ணிக்கையில்.

நூற்றுப் பன்னிரண்டு இரவு.
ஆணியில் தொங்கிய சாவிகள் அறுபத்தொன்று.
அவை எல்லாமே விபத்தாகியிருக்குமா?
பள்ளத்தில் விழாத லாரி
வந்து சாட்சி சொல்வதில்லை.
விடிந்ததும் டீ குடித்து, முகம் கழுவி,
என் கண்ணைப் பார்க்காமல் சாவியை வாங்கிக்கொண்டு
அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.
இப்போது எங்கோ ஒருவன்
மகளுக்கு ஜடைமாட்டி வாங்கிக்கொண்டிருப்பான்.
அவனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அப்புறம் தீர்த்தகிரி.

கருவியின் ஊதுகுழல் பொங்கலோடு தீர்ந்துவிட்டது.
ஐந்நூறுதான் கேட்டிருந்தோம்,
கேட்கும்போது கூச்சம்.
மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி
எக்செல் வண்டியில் வந்தான்.
எங்கள் தெரு. என் தம்பி வயது.
"கொஞ்சம்தான்கா. ரெண்டு கிலோமீட்டர்தான்கா."
ஊத ஒன்றும் இல்லை.
வாயை முகர்ந்து பார்க்க எனக்குக் கூச்சம்.
சிரித்தான். நானும் சிரித்தேன்.
போ என்றேன்.

அவன் சாவி அந்த ஆணியில் தொங்கவில்லை.
108 வண்டிக்காரர் நோட்டில்
அவன் பெயர் இருக்கிறது, நேரம் இருக்கிறது,
நீல மையில்.

அறுபத்தொன்றில் ஒன்றைக் கழிக்க முடியாது,
அவன் அந்தக் கணக்கிலேயே இல்லை.
கழிக்காமலும் எனக்கு எழுத வரவில்லை.
மாதம்மாள் சொல்கிறாள்:
"சும்மா ஒரு நம்பர் போடுடி, யாரு எண்ணப் போறா?"

பத்தி எட்டுக்கு முதலில் போகிறேன்.
கூடுதல் தேவைகள்.
ஊதுகுழல், இரண்டாயிரம்.
கட்டில்,
சுழித்தாலும் பரவாயில்லை,
இன்னும் ஒன்று.

வெளியே பையன் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டான்.