உப்புக் கணக்கு

ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்திறங்கும் உப்புக்குக்
கணக்கு எழுதுகிறவன் நான்.
ஐஸ்லாந்தின் மேற்கோரம்; மூன்று பக்கமும் மலை அடைத்த ஊர்.
நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரி கடைசியில்தான் எட்டிப் பார்க்கும்.
காட் மீனைப் பிளந்து, விரித்து, உப்பிட்டு அடுக்குகிறோம்.
மீன் குடித்தது இத்தனை, தரையில் சிந்தியது இத்தனை என்று
எல்லாம் என் தாளில் நேராக நின்றது,
ஸ்டெய்னுன் தன் கையுறையை நக்குவதை
ஒருநாள் பார்க்கும் வரை.

சிரித்தேன்.
மறுநாள் ஊறல் நீரை மூடியில் ஊற்றிக் குடித்தாள்.
சட்டைப்பை நிறைய உப்புத் தூவிய அதிமதுர மிட்டாய்.
கட்டும் பிரிவில் கேட்டார்கள்:
"எந்தக் கடற்கரையில் படுத்துவிட்டு வந்தாய்?"
எங்கும் போகவில்லை அவள்.
வெயிலே விழாத இரண்டு மாதத்தில்
முகம் கறுத்திருந்தது;
உள்ளங்கை ரேகைகள் பென்சிலால் வரைந்ததுபோல்.

இழப்புப் பத்தியில்
அவள் பெயருக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டேன்.
யாருக்கும் காட்டவில்லை.
அதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

சூரியன் திரும்பும் நாளில் இங்கே
காப்பியும் பான்கேக்கும் உண்டு.
முகட்டில் நகக்கீற்றளவு வெளிச்சம்.
எல்லோரும் எழுந்தோம்.
அவளும் எழுந்தாள்,
ரத்தம் அவளோடு எழவில்லை.
மேசைவிரிப்பை இழுத்துக்கொண்டு விழுந்தாள்.

சோடியம் நூற்றுப் பதினெட்டு என்றார் டாக்டர் ஆர்ன்தீஸ்.
நூற்று நாற்பதை ஒட்டி இருக்க வேண்டுமாம்.
"தின்றதெல்லாம் எங்கே?" என்றேன்.
"சிறுநீரில்."

அவர் விளக்கியதை
என் தொழிலின் பாஷையில்தான் விளங்கிக்கொண்டேன்:
சிறுநீரகத்துக்குள் ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறான்.
ஓடும் நீரை நாக்கில்லாமல் ருசி பார்ப்பான்.
உப்பு குறைந்தால் சீட்டு எழுதுவான்;
கல்லீரலின் சரக்கில் ஒரு துண்டு வெட்டி,
நுரையீரலில் முத்திரை வாங்கி,
அது சிறுநீரகத்தின் தலையில்
குல்லாய்போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிக்குப் போகும்.
சுரப்பி ஒரு சொல் சொல்லும்.
கதவுகள் திறக்கும். போகிற உப்பு வீடு திரும்பும்.

ஸ்டெய்னுனின் கணக்குப்பிள்ளை
மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான்.
குல்லாய் வாடிவிட்டது;
அவள் உடம்பின் காவலே அதைத் தின்றிருந்தது.
பதில் வராத சீட்டுகள்
கடைசியில் நாக்கின் வாசலுக்கு வந்தன:
நீயாவது கொண்டு வா.

உப்புத் தின்றவர் தண்ணீர் குடிப்பார்.
இவள் தின்ற உப்போ
இருந்த தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போனது.
அதிமதுரம்தான் இத்தனை நாள்
கதவை அரைகுறையாகத் தள்ளிப் பிடித்திருக்கும் என்றார் டாக்டர்.
மிட்டாய்க்குத் தெரிந்தது
எனக்குத் தெரியவில்லை.

வாழ்நாள் முழுக்க மாத்திரை.
அதில் ஒன்று, மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு.
எங்கள் தராசின் முள் அதற்கு அசையாது.
டன்களை எழுதிய கை
அந்தக் குப்பியை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தது.

மார்ச்சில் வந்தாள். முகம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.
மதியம், ஊறவைத்து அவித்த உப்புமீன், உருளைக்கிழங்கு.
ஒரு வாய் வைத்தாள். நிறுத்தினாள்.
புருவம் சுருங்கியது.

"கரிக்கிறது," என்றாள்.

யாரும் கவனிக்கவில்லை. பழக்கமான புகார்தானே.
தண்ணீர் கேட்டாள்.
நான் எழுந்து போய்
ஜாடியோடு கொண்டுவந்து வைத்தேன்.