முதலில் எடை

சுங்கை மெராந்தி ஆஸ்பத்திரியில்
பிள்ளைகளுக்கென்று அப்போது இருந்தது
பெண்கள் வார்டின் கோடியில் ஒரு திரை.
திரைக்குப் பின்னால் இரண்டு தொட்டில்,
தோட்டத்து ஸ்டோர் கழித்துப்போட்ட தராசு.
எவ்வளவு கழுவினாலும்
அதில் கிடத்திய பிள்ளைக்கெல்லாம் ஒட்டுப்பால் வாடை.

ஆள் கூலிக்கு அளந்து பழகிய தராசு,
எதையும் குறைத்தே காட்டும்.
மிசி எமரென்சியா ஒவ்வொரு பிள்ளைக்கும்
நாலு அவுன்ஸ் கூட்டி எழுதுவாராம்.

குறைமாதத்துக்கு இன்குபேட்டர் கேட்டு எழுதிய கடிதம்
ஈப்போவுக்குப் போய்த் திரும்பவில்லை.
ஆ லோக் ஆசாரி ஒரு பழப்பெட்டியை இழைத்து
நாற்பது வாட் பல்பு இரண்டு மாட்டிக் கொடுத்தார்.
அதில் கிடந்து பிழைத்த திருமேனி
இப்போது ஆறடி.
வாசலில் கார் நிறுத்தக் காசு வாங்குகிறான்.
பிழைக்காதவர்களின் பேரும்
அதே நோட்டில்தான் இருக்கிறது,
எடையோடு.

பிறகு ஆறு கட்டில்.
பிறகு பலகைக் கட்டடம், பேதிக்குத் தனி அறை.
பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள்;
லயங்கள் காலியாகி டவுன் வீங்க வீங்க
கட்டில் கூடிற்று.
இன்று நான்கு மாடி, ஐந்து குழந்தை டாக்டர்கள்,
சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி.
முப்பத்தொரு வருடமாகப் பதிவு கவுண்டரில் நான்.

நேற்று ராத்திரி
செம்பனைக் காட்டிலிருந்து ஒருத்தி வந்தாள்.
லொம்போக் பக்கமாம்.
தோளில் ஏழு மாதப் பிள்ளை, கண் குழிந்து,
அழக்கூடத் தண்ணீர் இல்லாமல்.
கணினி பாஸ்போர்ட் எண் கேட்டது.
கட்டம் காலியென்றால் அடுத்த பக்கம் திறக்காது.
முன்பணம் எவ்வளவென்று மட்டும்
சிவப்பில் காட்டியது.

சிவப்பு.
அம்மாவின் அடையாள அட்டையும் அந்த நிறம்தான்.
இந்த நாட்டில் பிறந்தவள்,
இந்த நாட்டுக்காரி இல்லையென்ற நிறம்.
அதை நீட்டிக்கொண்டு திரையோரம் நின்றாளாம்,
தோளில் நான்.
மிசி வாங்கிப் பார்க்கவில்லை.
"மொதல்ல எடை. அப்புறந்தான் பேரு."

நாற்காலியைத் தள்ளி எழுந்தேன்.
புதுத் தராசு, நொடியில் சொன்னது:
ஐந்து கிலோ நூற்றிருபது.
பொய் சொல்லாத தராசு;
நான் கூட்டி எழுத அதில் ஒன்றுமில்லை.

பிள்ளை மூன்றாம் மாடியில், பதினேழாம் கட்டில்.
சொட்டு இறங்குகிறது.
கீழே அந்தக் கட்டம்
இன்னும் மினுக்கிக்கொண்டிருக்கிறது.

விடிந்ததும் அலுவலகத்தில் கேட்பார்கள்.
எடையைத்தான் சொல்வேன்.