தேநீர்க் கடன் நோட்டு

ஒச்சோலா மூன்றாம் முறையாக வந்திருக்கிறார்.
வழவழத் தாளில் இரண்டு கோடுகள்,
ஒன்று நீலம், ஒன்று சிவப்பு,
எங்கள் பண்ணை வாசலிலிருந்து நைரோபி வரை.
"ஒன்று அறுந்தால் இன்னொன்று, மேடம் ஜெரோப்.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது."

புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத்தான்
நான் கணக்குப் போடுகிறேன்.
மாதத்தில் நாற்பத்து மூன்று நிமிடம்
அறுந்து கிடக்க அவர்களுக்கு உரிமை.
எந்த நாற்பத்து மூன்று என்று தாளில் இல்லை.

நைவாஷாவில் நாங்கள் ரோஜா வெட்டுகிறோம்.
இரவு பதினொன்றரைக்கு விமானம்.
பயிர்நலச் சான்றிதழ் வலை ஏறாவிட்டால்
பெட்டி விமானம் ஏறாது.
போன ஏப்ரலில் நாற்பதாயிரம் தண்டுகள்
குளிரறைக்கு வெளியே வாய் திறந்தன.
ஆடுகள் தின்றன,
முள்ளைக்கூட விடாமல்.

வேகம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை,
அதை யாரும் சொல்வார்கள்.
மாலை ஏழு மணிக்கு எவ்வளவு?
போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்றா?
கடைசி இரண்டு கிலோமீட்டர் கம்பி யாருடையது?
ஒச்சோலா பேனாவைத் திறந்தார், மூடினார்.
"வாடகைக்கு," என்றார் மூடியிடம்.

இரண்டு வாரம் சோதனை இணைப்பு.
நொடிக்கு ஒரு பொட்டலம் அனுப்பிக் காத்திருந்தேன்.
பன்னிரண்டு லட்சத்தில்
முப்பத்தொன்று திரும்பவில்லை.
நல்ல கணக்குத்தான்.
ஆனால் அது பிப்ரவரி,
ஏரிக்கு மேலே ஒரு துணுக்கு மேகம் கிடையாது.
வெயிலில் எந்தக் கூரையும் ஒழுகாது.

ஓரிரவு இரண்டே முக்காலுக்கு
பழுது எதுவும் இல்லாமலே உதவி எண்ணை அழைத்தேன்.
நான்காவது மணியில் ஒருவன் எடுத்தான்.
எடுக்கிறார்களா என்று பார்த்தேன், அவ்வளவுதான் என்றேன்.
சிரித்தான். பெயர் முசெம்பி.
"இந்த நேரத்துக்கு நான் ஒருத்தன்தான், மேடம்."
குறித்துக்கொண்டேன்,
நல்லதன் பக்கமா கெட்டதன் பக்கமா தெரியாமல்
நடுவில்.

சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில்
நீலக் கோட்டின் மேல் போனேன்,
குறிக்கற்களை எண்ணிக்கொண்டு.
சிவப்பின் மேல் திரும்பினேன்.
பதினாறாவது கிலோமீட்டரில்
நீலமும் சிவப்பும்
தலை குனிந்து ஒரே மதகுக்குள் நுழைகின்றன.
ஒரே குழாய்.

மதகுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை,
ந்யாகியோ தேநீர் விற்கிறாள்.
"கம்பிக்காரர்களா?
மழை வந்தால் அவர்களும் வருவார்கள்."
கடன் நோட்டை எடுத்துப் போட்டாள், எண்ணெய்க் கறையோடு.

மார்ச் 28: ஆறு பேர், பதினெட்டு தேநீர்.
ஏப்ரல் 9: ஆறு பேர், முப்பத்தாறு, மண்டாசி இருபது.
ஏப்ரல் 10: அதே ஆறு பேர். காலையிலிருந்து.
மே 2: நான்கு பேர், எட்டு. சீக்கிரம் முடிந்தது.

ஒரு தேநீருக்கு ஒன்றரை மணிநேரம் என்று
வைத்துக்கொண்டேன்.
தொண்ணூற்றொன்பது அந்த நோட்டில் எங்குமே இல்லை.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.
இப்போது எங்களுக்கு இணைப்புத் தருகிற கம்பெனி.
அதே தேதிகள், அதே மதகு,
தேநீர் இரண்டு மடங்கு.
ஒச்சோலாவின் ஆட்கள் பாக்கியைத் தீர்த்திருந்தார்கள்,
குறுக்குக் கோடு போட்டிருந்தது.
இவர்கள் இன்னும் தரவேண்டும்
அறுநூற்று எண்பது ஷில்லிங்.

திங்கட்கிழமை ஒப்பந்தத்தின் ஓரத்தில்
கையால் எழுதினேன்:
சிவப்புக் கோடு இந்த மதகு வழியாகப் போகக்கூடாது.
போகும்வரை பாதி வாடகை.
ஒச்சோலா நெடுநேரம் படித்தார்.
"மேலே கேட்க வேண்டும்," என்றார்.
கேளுங்கள் என்றேன்.

மழைநேரத்தில் பிறந்ததால் எனக்கு ஜெரோப் என்று பெயர்.
ஜன்னலில் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது.
ஒச்சோலா தாளைச் சட்டைக்குள் வைத்து
வண்டிக்கு ஓடினார்.
ந்யாகியோ இந்நேரம்
பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியிருப்பாள்.